ஸ்டெம் செல் மாற்றுக்கு முன் மரபணு அறிக்கையைப் படிப்பது எப்படி?

அக்யூட் மைலாய்டு லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு முதல் சுற்று கீமோதெரபி முடிந்து எலும்பு மஜ்ஜை தெளிந்ததும், குடும்பத்தின் முன் ஒரு பெரிய கேள்வி வந்து நிற்கிறது: இன்னொருவரின் ஸ்டெம் செல்லைப் பெற்றுச் செலுத்துவதா, கீமோவோடு நிறுத்திக்கொள்வதா? விடையின் பெரும்பகுதி, நோய் கண்டறிந்த நாளிலேயே எடுக்கப்பட்ட என்ஜிஎஸ் (பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் சோதனை) அறிக்கையிலும் குரோமோசோம் பரிசோதனையிலும் இருக்கிறது. முடிவெடுப்பது மருத்துவரின் வேலை. ஆனால் அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்கும் அளவுக்கு அந்த இரண்டு தாள்களையும் யாராலும் படிக்க முடியும்.

அறிக்கையில் ஒவ்வொரு மரபணுவின் பெயருக்கும் எதிரே ஒரு சதவீதம் இருக்கும்: படித்த மரபணுப் பிரதிகளில் எத்தனையில் பிறழ்வு (மாற்றம்) இருந்தது என்பது அது. 'டிஎன்எம்டி3ஏ, ஆர்882ஹெச், 46%' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (முதலில் மரபணு, அடுத்து பிறழ்வின் குறியீடு). நம் செல்களில் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது; பெரும்பாலும் ஒன்றில் மட்டுமே பிறழ்வு நேர்கிறது என்பதால், 46% என்பது சோதித்த செல்களில் ஏறத்தாழ 92 சதவீதத்தில் பிறழ்வு உள்ளது என்று பொருள்படும். அடுத்து, அதே மாதிரியில் பிளாஸ்ட் செல்கள் (முதிராத லுகேமியா செல்கள்) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பிளாஸ்ட் 30% மட்டும் இருக்கும்போது பிறழ்வு 46% என்றால், அது பிளாஸ்ட் செல்களுக்கு வெளியேயும் பரவியிருக்கக்கூடும்: நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே மஜ்ஜையில் தோன்றிய பழைய பிறழ்வாக இருக்கலாம், அல்லது பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம்.

பிறகு ஆபத்துப் பிரிவைக் கேளுங்கள். ஐரோப்பிய லுகேமியா வலையமைப்பு 2022இல் வெளியிட்ட வகைப்பாடு சாதகம், இடைநிலை, பாதகம் என மூன்றாகப் பிரிக்கிறது. எஃப்எல்டி3-ஐடிடி (எஃப்எல்டி3 மரபணுவின் ஒரு பகுதி இரட்டிக்கும் பிறழ்வு) இல்லாமல் என்பிஎம்1 மரபணுவில் பிறழ்வு இருந்தால் சாதகம். இவர்களில் பெரும்பாலோருக்கு முதல் தணிவு நிலையிலேயே (நோய் அடங்கியிருக்கும் கட்டத்திலேயே) மாற்று சிகிச்சை தேவைப்படுவதில்லை. பாதகப் பிறழ்வு எதுவும் இல்லாமல் எஃப்எல்டி3-ஐடிடி மட்டும் இருந்தால், அதன் அளவு எவ்வளவாயினும் இடைநிலை. 2017ஆம் ஆண்டு வகைப்பாடு, பிறழ்ந்த பிரதிக்கும் இயல்பான பிரதிக்கும் உள்ள விகிதம் 0.5க்கு மேலா கீழா என்று பார்த்தது. அந்தக் கணக்கு இப்போது கைவிடப்பட்டுவிட்டது. ஏஎஸ்எக்ஸ்எல்1, ஆர்யுஎன்எக்ஸ்1, எஸ்ஆர்எஸ்எஃப்2 போன்றவை, சாதகப் பிரிவின் அடையாளங்கள் எதுவும் இல்லாதபோது, பாதகத்தில் சேர்கின்றன. உடல்நிலை இடம் கொடுத்தால் இவர்களுக்கு மாற்று சிகிச்சையே பரிந்துரைக்கப்படுகிறது.

டிபி53 மரபணு தனிக் கதை. இந்தப் பிறழ்வோடு குரோமோசோம்களிலும் பல சிதைவுகள் சேர்ந்திருந்தால், மாற்று செய்த பின்னும் நோய் திரும்பும் ஆபத்து மிக அதிகம். நீண்ட காலம் பிழைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதால் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. ஆனால் வீட்டையோ நிலத்தையோ விற்றுச் செலவு செய்யப்போகும் குடும்பம், எதிர்பார்க்கக்கூடிய பலனை ஒளிவுமறைவின்றிச் சொல்லுமாறு மருத்துவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

முதல் நாள் அறிக்கையோடு நின்றுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. எந்தப் பிறழ்வு இருந்தது என்பதைப் போலவே, சிகிச்சைக்குப் பின் அது மறைந்ததா என்பதும் முடிவை மாற்றும். என் கணிப்பில் இரண்டாவதன் எடையே அதிகம். நுண்ணோக்கியில் மஜ்ஜை சுத்தமாகத் தெரியும்போதும் எஞ்சியிருக்கும் நோயைத் தேடும் சோதனையை எம்ஆர்டி என்கிறார்கள். என்பிஎம்1 பிறழ்வு கொண்டவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இரண்டாவது கீமோ சுற்றுக்குப் பின்னும் ரத்தத்தில் பிறழ்வு தென்பட்டவர்களில் 82 சதவீதத்தினருக்கு 3 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. தென்படாதவர்களில் 30 சதவீதத்தினருக்கே திரும்பியது. ஆகவே சாதகப் பிரிவில் இருப்பவரும் இந்தச் சோதனையில் தேறாவிட்டால் மாற்று சிகிச்சைக்குத் தயாராக வேண்டியிருக்கும். மாற்றுக்குச் சற்று முன்பு சோதித்தாலும் இதே போக்குதான்: அமெரிக்காவில் 822 பேரின் ரத்த மாதிரிகளைச் சோதித்து 2023இல் வெளியான ஆய்வில், முடிவை உறுதிசெய்யப் பயன்படுத்திய 451 பேர் கொண்ட பிரிவில், என்பிஎம்1 அல்லது எஃப்எல்டி3-ஐடிடி எஞ்சியிருந்தவர்களுக்கு 3 ஆண்டுகளில் நோய் திரும்பிய விகிதம் 68 சதவீதம், மற்றவர்களுக்கு 21 சதவீதம்.

எஞ்சியிருப்பது எது என்பதையும் கவனியுங்கள். டிஎன்எம்டி3ஏ, டிஇடி2, ஏஎஸ்எக்ஸ்எல்1 ஆகிய மூன்றும் லுகேமியாவுக்கு முந்தைய பழைய செல்களிலேயே இருக்கக்கூடியவை. நோய் தணிந்த பிறகும் இவை அறிக்கையில் தொடர்ந்தால் அதை மட்டும் வைத்துப் பதற வேண்டியதில்லை.

எம்ஆர்டி இருப்பதாகத் தெரிந்தால், மாற்றுக்கு முன் தரப்படும் மருந்தின் வீரியம் பற்றிக் கேளுங்கள். முழு வீரியத்தையும் குறைத்த வீரியத்தையும் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனை ஒன்றின் மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான முடிவுகளின்படி, பிறழ்வு எஞ்சியிருந்தவர்களில் முழு வீரியம் பெற்றோரில் 19 சதவீதத்தினருக்கும் குறைத்த வீரியம் பெற்றோரில் 67 சதவீதத்தினருக்கும் 3 ஆண்டுகளில் நோய் திரும்பியது. இவர்கள் இரண்டு முறைகளையும் தாங்கக்கூடிய உடல்நிலையில் இருந்தவர்கள்; எழுபது வயதுக்காரருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

அண்ணனோ தங்கையோ கொடை தர முன்வந்தால், அவர்களின் ஹெச்எல்ஏ (செல்களின் மேல் இருக்கும், நோய் எதிர்ப்பு அமைப்பு அடையாளம் காணப் பயன்படுத்தும் குறிகள்) பொருத்தத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிடிஎக்ஸ்41, ஆர்யுஎன்எக்ஸ்1, ஜிஏடிஏ2, சிஇபிபிஏ ஆகிய மரபணுக்களில் பிறழ்வு 50 சதவீதத்தை ஒட்டி இருந்து, சிகிச்சைக்குப் பின்னும் குறையாமல் நின்றால் அது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். அதே பிறழ்வு உள்ள உடன்பிறந்தவரின் செல்லைச் செலுத்தினால், அந்தச் செல்களிலேயே புதிதாக லுகேமியா தோன்றும் ஆபத்து உண்டு. இதை உறுதிசெய்ய நோயாளியின் தோலிலிருந்து வளர்த்தெடுத்த செல்கள் வேண்டும். உமிழ்நீரில் ரத்தச் செல்கள் கலந்திருப்பதால் அது சரியான விடையைத் தராது. தோல் செல்கள் வளர வாரங்கள் ஆகும் என்பதால் சந்தேகம் எழுந்த அன்றே கேட்டுவிடுவது நல்லது.

மாற்றுக்குப் பின் எஃப்எல்டி3-ஐடிடி நோயாளிகளுக்கு அந்தப் பிறழ்வைத் தடுக்கும் சொராஃபெனிப், கில்டெரிடினிப் போன்ற மாத்திரைகள் தொடர்வதுண்டு. கில்டெரிடினிப் சோதனையில் எம்ஆர்டி தென்பட்டவர்களுக்கே தெளிவான பலன் கிடைத்தது.

பாதிப் பொருத்தமுள்ள கொடையாளரிடமிருந்து செல் பெற்றவருக்கு நோய் திரும்பினால், கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொடையாளரின் டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள்) லுகேமியாவை அடையாளம் காண உதவுவது பொருந்தாத அந்தப் பாதி ஹெச்எல்ஏதான். 6ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதியை அழித்துவிட்டு, பொருந்தும் பாதியையே இரட்டித்துக்கொண்டு லுகேமியா செல்கள் தப்பிவிடுவதை மிலானில் உள்ள சான் ரஃபேலே மருத்துவக் குழு 2009இல் காட்டியது. குரோமோசோம் எண்ணிக்கை மாறாததால் வழக்கமான சோதனையில் இது தெரியாது. 'ஹெச்எல்ஏ இழப்பு பார்த்தீர்களா?' என்று கேட்க வேண்டும். இழப்பு உறுதியானால், அதே கொடையாளரின் லிம்போசைட்டுகளை (டி செல்கள் உள்ளிட்ட வெள்ளணுக்களை) மீண்டும் செலுத்துவதால் நோய் அடங்க வாய்ப்பு மிகக் குறைவு. கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் எதிர்வினையின் (ஜிவிஹெச்டி) ஆபத்து மட்டுமே மிஞ்சும். இரண்டாவது மாற்று செய்வதென்றால், லுகேமியா செல்களில் எஞ்சியிருக்கும் ஹெச்எல்ஏ பாதியோடு பொருந்தாத இன்னொரு கொடையாளரைத்தான் தேடுவார்கள்.