திரையிலிருந்து போட்டி மேசைக்கு: பிரிட்ஜ் ஆட்டக்காரர்களுக்கான முதற்படிகள்

கணினியிலோ வீட்டிலோ பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்று, ஏலமும் ஃபினெஸும் ஓரளவு கைவந்த பிறகு, ஊரில் நடக்கும் டூப்ளிகேட் போட்டி (ஒரே சீட்டுகளைப் பல ஜோடிகள் ஆடி ஒப்பிடுவது) ஒன்றில் முதன்முறையாகப் பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டேமன் எதற்கு, டேக்அவுட் டபுள் எப்போது என்பனவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. அவை தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். புதியவர்கள் போட்டியில் தடுமாறுவது கன்வென்ஷன்கள் (தனிப் பொருள் வைத்துக்கொண்ட ஏலங்கள்) போதாமல் அல்ல, மேசை நடைமுறையும் மதிப்பெண் கணக்கும் பழகாமல்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அவ்விரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: கூட்டாளியுடன் பேசி முடிப்பது

ஐந்து சீட்டு மேஜர், 15 முதல் 17 புள்ளி வரையிலான 1 நோ ட்ரம்ப், ஸ்டேமன், ட்ரான்ஸ்ஃபர், பிளாக்வுட், வீக் டூ, நெகட்டிவ் டபுள் ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். இவற்றுக்கு மேல் எதையாவது சேர்க்கத் தோன்றினால், அந்த நேரத்தை வேறு கேள்விகளுக்குச் செலவிடுங்கள்: நம் 1 நோ ட்ரம்புக்கு மேல் எதிரணி 2 ஹார்ட் சொன்னால் நம்முடைய டபுளுக்கு என்ன பொருள், ட்ரான்ஸ்ஃபர் அப்போதும் உண்டா, நோ ட்ரம்புக்கு எதிராக நான்காவது பெரிய சீட்டை இறக்குவோமா வேறு முறையா. இப்படிப் பேசி முடித்தவற்றையெல்லாம் கன்வென்ஷன் அட்டையில் இருவரும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ள வேண்டும். கைபேசியில் வைத்திருப்பதைவிட இரண்டு காகிதப் பிரதிகளே சிறந்தவை; பல போட்டிகளில் ஆட்டம் முடியும் வரை கைபேசியைத் தொட அனுமதிப்பதில்லை.

படி 2: மேசையில் கைகளின் பழக்கம்

இணையத்தில் மட்டும் ஆடியவருக்கு இது முற்றிலும் புதிய உலகம். முறை தவறி இறக்குவதையும், சீட்டு இருந்தும் அந்த நிறத்தை (ஸ்பேட், ஹார்ட் போன்ற இனத்தை) போடாமல் விடும் ரிவோக்கையும், முந்தைய ஏலத்தைவிடக் குறைவாகக் கேட்பதையும் மென்பொருள் தானே தடுத்துவிடும். மேசையில் தடுப்பார் எவரும் இல்லை.

போர்டிலிருந்து (நால்வரின் சீட்டுகளையும் தனித்தனியே வைத்திருக்கும் தட்டு) சீட்டுகளை எடுத்ததும், முகம் பார்ப்பதற்கு முன், 13 இருக்கின்றனவா என்று கவிழ்த்தபடியே எண்ணுங்கள். முதல் சீட்டைக் கவிழ்த்து இறக்குங்கள். நீங்கள் இறக்க வேண்டியவர் அல்ல என்றால், அது திருப்பப்படுவதற்குள் சொல்ல மற்றவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும். வீட்டில் ஆடுவதுபோல வென்றவர் நான்கு சீட்டையும் வாரிக்கொள்வதில்லை. அவரவர் சீட்டை அவரவர் முன்பே கவிழ்த்து, வென்றால் கூட்டாளியை நோக்கி நெடுக்காகவும், தோற்றால் குறுக்காகவும் அடுக்க வேண்டும். முடிவை நால்வரும் ஒப்புக்கொள்ளும் வரை அந்த வரிசையைக் கலைக்காதீர்கள், ஏனெனில் சர்ச்சை எழுந்தால் டைரக்டர் (போட்டி நடுவர்) ஆட்டத்தைத் திரும்பக் கட்டுவது அதைக் கொண்டுதான். டம்மியிடம் சீட்டுக் கேட்கும்போது நிறத்தையும் மதிப்பையும் முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்.

இணையத்தில் செயற்கையான ஏலத்தைச் சொன்னவரே அதை அலெர்ட் செய்கிறார், அதாவது எதிரணிக்கு உணர்த்துகிறார். மேசையில் அது அவருடைய கூட்டாளியின் வேலை. திரைப் பழக்கத்தில் ஒருவர் தன் ஏலத்தைத் தானே விளக்கிவிட்டால், கூட்டாளிக்குச் சட்டப்படி கிடைக்கக் கூடாத செய்தி போய்விடுகிறது.

படி 3: தயக்கம், செய்தி, டைரக்டர்

புதியவர்கள் மனம் நொந்து வெளியேறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இங்கே நிதானமாகச் செல்ல வேண்டும்.

ஓர் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். நீங்கள் 1 ஸ்பேட் சொல்கிறீர்கள், இடப்பக்கத்தவர் 4 ஹார்ட் என்கிறார், உங்கள் கூட்டாளி நெடுநேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொல்கிறார், வலப்பக்கத்தவரும் பாஸ். உங்கள் கையில் ஆறு ஸ்பேட், சுமாரான பலம். கூட்டாளியிடம் ஒன்றுமே இல்லையென்றால் அவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டார் என்பது உங்களுக்குப் புரிகிறது, கையும் 4 ஸ்பேட் அட்டையை நோக்கிப் போகிறது. உங்களைத் தூண்டியது ஏலம் அல்ல, அந்தத் தயக்கம். உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் 2017 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 16 ஆம் சட்டம் இதைப் பேசுகிறது: கூட்டாளியின் தயக்கம், வேகம், குரல், முகக்குறி ஆகியவற்றால் கிடைத்த செய்தி ஒரு வழியைச் சுட்டிக்காட்டுகிறது என்றால், நியாயமான மாற்று வழி இருக்கும்போது அந்தச் சுட்டிய வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. உங்களை ஒத்த ஆட்டக்காரர்கள் அந்தக் கையுடன் பாஸ் செய்வதைத் தீவிரமாகக் கருதியிருப்பார்கள், சிலர் செய்தும் இருப்பார்கள் என்றால், நீங்கள் பாஸ்தான் சொல்ல வேண்டும். கூட்டாளி ஒரு நொடியில் பாஸ் செய்திருந்தாலும் எல்லோரும் 4 ஸ்பேட் சொல்லியிருப்பார்கள் என்னும் அளவுக்குக் கை வலுவானதென்றால், தயங்காமல் சொல்லலாம்.

யோசிப்பது குற்றமில்லை, மூளையை வைத்து ஆடும் ஆட்டத்தில் அதைத் தடுக்கவும் முடியாது. யோசனை கசியவிட்ட செய்தியைக் கூட்டாளி பயன்படுத்துவதே தவறு. இந்த வேறுபாடு பிடிபடாதவர்கள், எதிரணியினர் ‘இங்கே ஒரு தயக்கம் இருந்தது, ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்டவுடன், தம்மை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டதாக எண்ணிக் கொதித்துப்போகிறார்கள். அது வெறும் நடைமுறைக் கேள்வி. தயக்கம் இருந்தது உண்மையென்றால் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். டைரக்டர் வந்தாலும் பெரும்பாலும் தொடர்ந்து ஆடச் சொல்லுவார். எதிரணிக்குப் பாதிப்பு நேர்ந்ததா என்று பிறகு ஆராய்ந்து, தேவைப்பட்டால் மதிப்பெண்ணை மாற்றுவார்.

ஸ்டாப் அட்டை பயன்படும் போட்டிகளில் இந்தச் சிக்கல் சற்றுக் குறையும். தாவிக் கேட்கும் ஏலத்துக்கு முன் அந்த அட்டை வைக்கப்படும். அடுத்தவர் யோசிக்க ஏதுமில்லாவிட்டாலும் ஏறத்தாழ 10 நொடி காத்திருக்க வேண்டும். எல்லோரும் எப்போதும் அதே அளவு காத்திருந்தால் காத்திருப்பிலிருந்து யாரும் எதையும் படிக்க முடியாது. மேலே சொன்ன 4 ஹார்ட்டுக்குப் பிறகு அரை நொடியில் பாஸ் சொல்வதும் செய்தி கசியவிடுவதுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டைரக்டரை அழைப்பதைச் சண்டையாகக் கருத வேண்டாம். முறைகேடு ஒன்று சுட்டிக்காட்டப்பட்டதும் அவரை உடனே அழைக்க வேண்டும் என்று 9 ஆம் சட்டம் சொல்கிறது. ‘பரவாயில்லை, சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்’ என்னும் பெருந்தன்மை வீட்டுக்கு அழகு. போட்டியில் அது மேசையில் இல்லாத மற்ற ஜோடிகளின் மதிப்பெண்ணையும் பாதிக்கிறது. கையை உயர்த்தி, ‘டைரக்டர், தயவுசெய்து’ என்றால் போதும். வந்தவரிடம் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், தீர்ப்பை நீங்களே சொல்லாதீர்கள்.

படி 4: எந்தக் கணக்கில் ஆடுகிறோம்

ஜோடிப் போட்டிகளில் பெரும்பாலும் மேட்ச்பாயிண்ட். அணிப் போட்டிகளில் பெரும்பாலும் இம்ப்; அதே சீட்டுகளை ஆடும் இரு மேசைகளின் மதிப்பெண் வித்தியாசத்தை அட்டவணைப்படி மாற்றித் தரும் புள்ளி அது. இவை இரண்டு வெவ்வேறு ஆட்டங்கள் என்றே சொல்லலாம்.

மேட்ச்பாயிண்டில், அதே சீட்டுகளை ஆடிய மற்ற ஜோடிகளில் எத்தனை பேரை முந்தினீர்கள் என்பதே கேள்வி. எவ்வளவு வித்தியாசத்தில் முந்தினீர்கள் என்பது இல்லை. வல்னரபிள் (வென்றால் கேம் வெகுமதியும் தோற்றால் தண்டனையும் கூடும் நிலை) அல்லாதபோது 4 ஸ்பேட் சரியாக வென்றால் 420; 3 நோ ட்ரம்பில் பத்து டிரிக் எடுத்தவருக்கு 430. அந்தப் பத்துப் புள்ளியால் அவர் உங்களை முழுதாக முந்திவிடுகிறார். எனவே கூடுதல் டிரிக் ஒன்றுக்காக ஒப்பந்தத்தையே ஓரளவு பணயம் வைப்பதுகூட இங்கே நியாயமாகலாம். வல்னரபிள் எதிரணி பகுதி ஒப்பந்தம் (கேமுக்குக் குறைந்த ஒப்பந்தம்) ஒன்றில் டபுளாகி ஒரு டிரிக் குறைந்தால் கிடைக்கும் 200, நம் பக்கம் எந்தப் பகுதி ஒப்பந்தமும் வழக்கமாகத் தரும் 110, 140 ஆகியவற்றை மிஞ்சிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இம்பில் அந்தப் பத்துப் புள்ளிக்கு மதிப்பு பூஜ்யம். ஒப்பந்தத்தைக் காப்பதும் கேம் ஏலத்தைத் தவறவிடாமல் இருப்பதுமே இங்கே முக்கியம். வல்னரபிள் நிலையில் நீங்கள் 4 ஸ்பேட் ஆடி 620 பெற, மறு மேசை 3 ஸ்பேடில் நின்று 170 பெற்றால், வித்தியாசம் 450, அதாவது 10 இம்ப் லாபம். ஒரு டிரிக் குறைந்தால் நீங்கள் 100 இழக்க, அவர்கள் 140 பெறுவார்கள். வித்தியாசம் 240, நட்டம் 6 இம்ப் மட்டுமே. பத்துக்கு ஆறு என்னும் இந்தக் கணக்கினால், நாற்பது சதவீத வாய்ப்புள்ள கேமையும் வல்னரபிளில் கேட்டுவிடலாம். வல்னரபிள் இல்லாதபோது லாபம் 6, நட்டம் 5 என்பதால் சற்று அடக்கம் தேவை.

படி 5: பயிற்சிக்கான கருவிகள்

ஏலப் பயிற்சிக்கு பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் தளத்தில் கூட்டாளியும் நீங்களும் மட்டும் அமர்ந்து ஏலம் சொல்லிப் பார்க்கும் மேசையைப் பரிந்துரைக்கிறேன். ரோபோவைக் கூட்டாளியாக வைத்துப் போட்டிக்குத் தயாராவதை நான் விரும்புவதில்லை. அது தயங்காது, மறக்காது, உங்கள் அட்டையில் உள்ளபடியும் ஆடாது. போட்டி முடிந்ததும் கையில் தரப்படும் ஹேண்ட் ரெக்கார்டில் ஒவ்வொரு போர்டிலும் எத்தனை டிரிக் எடுக்க முடியும் என்று அச்சிட்டிருக்கும். நான்கு கைகளையும் பார்த்துக்கொண்டு கணினி போட்ட கணக்கு அது. இதைக் காட்டிக் கூட்டாளியைக் கண்டிக்காதீர்கள்.

உலக அளவிலான ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவோர், 2015 இல் சென்னையில் நடந்த உலக அணிச் சாம்பியன்ஷிப்பின் பெர்முடா பவுல் இறுதிப் போட்டியைத் தேடிப் படிக்கலாம். அதில் போலந்து ஸ்வீடனை வென்றது.

பின்சேர்க்கை

கூட்டாளி என் ஏலத்தைத் தவறாக விளக்கினால் என்ன செய்வது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஏலம் நடக்கும்போது முகம் சுளிக்கவோ திருத்தவோ கூடாது. அந்த விளக்கம் காதில் விழாததுபோலவே உங்கள் அடுத்த ஏலங்களைத் தொடர வேண்டும். டிக்ளேரராகவோ (ஒப்பந்தத்தை ஆடுபவர்) டம்மியாகவோ நீங்கள் அமைந்தால், இறுதிப் பாஸுக்குப் பிறகு, முதல் சீட்டு இறக்கப்படும் முன் டைரக்டரை அழைத்துத் திருத்தத்தைச் சொல்லுங்கள். தற்காப்பு அணியில் இருந்தால் ஆட்டம் முழுதும் முடியும் வரை வாயைத் திறக்கக் கூடாது. முன்பே திருத்தினால் கூட்டாளி தன் தவற்றை அறிந்துகொண்டு ஆட நேரும். தவறாக விளக்கிய கூட்டாளியே அதை இடையில் உணர்ந்தால் கதை வேறு: ஏலம் நடக்கும்போது உணர்ந்தவர், முதல் சீட்டுத் திறக்கப்படும் முன் டைரக்டரை அழைத்துத் தன் விளக்கத்தைத் திருத்தியாக வேண்டும்.