கோப்புறை, திட்டம், பணி: செயலியில் வேலைகளை அடுக்கும் முறை

சேலத்தில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கெழுதும் நான், வார இறுதியில் ஏற்காட்டிலுள்ள எங்கள் சிறிய காப்பித் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறேன். செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் என் கைப்பேசிச் செயலியில் வெகுநாள் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. ‘பல்ப்பர்’ (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்), ‘சலங்கை ஆர்டர்’, ‘வீட்டு வரி’, ‘ஆடி’ என எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன. அந்த ‘ஆடி’ என்பது கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குப் பட்டறை ஆட்கள் விடுப்பில் போகுமுன் ஆர்டர்களை முடிப்பதைக் குறித்ததா, வீட்டில் வாங்கவேண்டிய எதையாவது குறித்ததா என்பது எழுதிய எனக்கே பிறகு விளங்கவில்லை.

எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, ‘முடிந்துவிட்டது’ என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் போதும். ‘காப்பித் தோட்டம் முடிந்துவிட்டது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது தொடர்ந்து சுமக்கும் பொறுப்பு, ஆகவே கோப்புறை. ‘இந்த ஆண்டுப் பழம் பறிப்பு முடிந்துவிட்டது’ என்று ஒரு நாள் சொல்லத்தான் போகிறோம், அது திட்டம். ‘சாக்கு 40 வாங்கு’ என்பது ஒருவர் ஒரே மூச்சில் செய்துவிடக் கூடியது, அது பணி. இந்தக் கணக்கில் எனக்குத் தோட்டம், பட்டறை, வீடு என மூன்றே கோப்புறைகள் தேறின. ஆறேழுக்கு மேல் போனால், வேலை செய்வதைவிட அடுக்குவதில்தான் நேரம் கழியும்.

பெயர்கள் செயலிக்குச் செயலி மாறும். டிக்டிக் செயலியில் பட்டியல்களைக் கோப்புறைக்குள் வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் டூ டூ செயலியில் பட்டியல்களைக் குழுவாகச் சேர்க்கலாம். டுடூயிஸ்ட்டில் திட்டத்துக்குள்ளேயே துணைத் திட்டங்களை வைக்க முடியும். கூகுள் டாஸ்க்ஸில் பட்டியல்கள் மட்டுமே உண்டு என்பதால், ‘தோட்டம் – பறிப்பு’, ‘தோட்டம் – மிளகு’ என்று பட்டியலின் பெயரிலேயே பொறுப்பையும் சேர்த்து எழுதவேண்டும்.

பணியை எழுதும் விதத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பெயர்ச்சொல்லை மட்டும் எழுதாமல் வினைச்சொல்லோடு எழுதவேண்டும். ‘பல்ப்பர்’ என்ற சொல்லை ஒரு மாதம் பார்த்துக்கொண்டே கடந்துபோனேன். ‘பல்ப்பரைத் திறந்து தகடு தேய்மானம் பார்’ என்று மாற்றிய வாரமே வேலை நடந்தது. தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால், முகப்புத்திரையின் சிறிய கட்டத்தில் நீளமான வரி வெட்டுப்படும்போது, செய்யவேண்டியது என்ன என்ற பகுதியே காணாமல் போகும். எனவே பணி நான்கைந்து சொற்களுக்குள் இருக்கட்டும். எடை, அளவு, தொலைபேசி எண் போன்ற விவரங்கள் குறிப்புப் பகுதிக்குப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் தேதி போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் கெட்டுப்போகும் வேலைக்குத்தான் தேதி வேண்டும். பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் போடாவிட்டால் கொட்டை புளித்துத் தரம் குறையும். ஆகவே பறிப்பு நாளுக்குத் தேதி உண்டு. களத்தின் ஓரச் சுவரைப் பூசுவதற்குத் தேதி தேவையில்லை. மீண்டும் மீண்டும் வரும் வேலையிலும் இரு வகை உண்டு. காப்பிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டுகள் வெளிவரும் காலத்துக்கு முன், அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், தாக்குண்ட செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிக்கவேண்டும். இது நாள்காட்டியைச் சார்ந்தது. போன முறை தாமதமானது என்பதற்காக அடுத்த முறையும் தள்ளிப்போகக் கூடாது. மாறாக, மருந்துத் தெளிப்பானின் வடிகட்டியைக் கழுவுவது, கடைசியாகக் கழுவிய நாளிலிருந்து எண்ணவேண்டிய வேலை. டுடூயிஸ்ட்டில் ஆங்கிலத்தில் ‘எவ்ரி’ என்று எழுதினால் முதல் வகை. அதே சொல்லோடு ஆச்சரியக்குறி சேர்த்தால் முடித்த நாளிலிருந்து எண்ணும் இரண்டாம் வகை.

குறிச்சொற்களை நான் இடத்துக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். சேலத்துச் சந்தையான லீ பஜாருக்குப் போகிற அன்று அந்தக் குறிச்சொல்லைத் தொட்டால், தோட்டத்துக்கான சாக்கும் வீட்டுக்கான வெல்லமும் எந்தக் கோப்புறையில் இருந்தாலும் ஒன்றாக வந்து நிற்கும்.

மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நினைவுக்கு வருவதை, கீழே இறங்கியதும் வகை பிரிக்காமல் இன்பாக்ஸில் போட்டுவிட்டு, ஞாயிறு இரவு கால் மணி நேரத்தில் உரிய இடத்துக்கு மாற்றுகிறேன். அப்போதே ஒவ்வொரு திட்டத்திலும் அடுத்து செய்யவேண்டிய பணி ஒன்றாவது இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். பணியே இல்லாத திட்டம் முடிந்திருக்கும், அல்லது மறந்துபோயிருக்கும்.

முடிந்த திட்டத்தை அழிக்காதீர்கள், காப்பகத்தில் வையுங்கள். நவம்பர் வாக்கில் அடுத்த பறிப்பு தொடங்குமுன் அதைப் பிரதியெடுத்துத் தேதிகளை மட்டும் மாற்றினால், சாக்கு, களம் மெழுகுதல், ஆள் கூலிக் கணக்கு எல்லாம் வரிசையாக வந்துவிடும்; போன ஆண்டு எந்த வேலை எத்தனை நாள் பிந்தியது என்பதும் அந்தப் பழைய பிரதியிலேயே இருக்கும்.