பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு சிங்கப்பூருக்கு வருபவர்களுக்கு: கல்லூரிப் பணமும் முன் தயாரிப்பும்

உயர்நிலை 1 அல்லது 2 படிக்கும் வயதில் பிள்ளையை அழைத்து வந்திருக்கிறீர்களா? எவ்வளவு சேமிப்பது என்று கேட்பதற்கு முன், எப்போது பணம் தேவைப்படும் என்று எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மகளுக்கு 16 வயதில் உயர்நிலை 4 முடியும். அப்புறம் தொடக்கக் கல்லூரி என்றால் 2 ஆண்டு, பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) என்றால் 3 ஆண்டு, அதன் பிறகு பல்கலைக்கழகம்.

மகனுக்கு இந்தக் கணக்கு பொருந்தவில்லை. எங்களோடு சேர்ந்து நிரந்தரவாசம் பெற்றதால் அவனுக்குத் தேசிய சேவை (ராணுவம் போன்ற கட்டாயப் பணி) உண்டு, முழுநேரமாக 2 ஆண்டு. பல்கலைக்கழகக் கட்டணமும் அவ்வளவு தள்ளிப்போகிறது. நிரந்தரவாச விண்ணப்பத்தில் மகன் பெயரை எழுதும் முன் அவனையும் உட்காரவைத்துப் பேசுங்கள். இது அவன் வாழ்க்கை.

அடுத்து, கையில் என்ன அட்டை என்பது. எடுசேவ் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் அரசு போடும் பணம் குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரே என்று அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிரந்தரவாசிகளுக்கான நீல அட்டை வாங்கி, சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேம நிதி (சிபிஎஃப்) சேர்ந்துவந்தால், அதன் சாதாரணக் கணக்கிலிருந்து பிள்ளையின் கட்டணத்துக்கு எடுக்க வழி இருக்கிறது. ஆனால் அது கடன், படிப்பு முடிந்தபின் பிள்ளை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அனைத்துலக மாணவராகச் சேர்ந்து கல்விக் கட்டண மானியம் பெற்றால், படித்தபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க ஒப்பந்தம் போட வேண்டும்.

எம்ஆர்டி நிலைய வாசலில் மேசை போட்டு, பிள்ளையின் கல்விக்கென்று காப்புறுதித் திட்டம் விற்பார்கள். வந்த நான்காம் மாதமே நான் கையெழுத்துப் போட்டேன். இருபது வருடத் திட்டம். மூன்றாம் வருடம் நிறுத்தியபோது, கட்டியதில் பாதிகூடத் திரும்பவில்லை. இங்கே எத்தனை வருடம் இருப்போம் என்றே தெரியாதபோது அவ்வளவு நீளமாகக் கட்டுப்படாதீர்கள். அரசு வெளியிடும் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம் 500 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) வாங்கலாம், வெளிநாட்டவரும் வாங்கலாம். பத்து ஆண்டுப் பத்திரம்தான், ஆனாலும் எந்த மாதமும் அபராதமின்றிப் பணத்தை எடுக்கலாம். 18 வயது நிரம்பியவர்களுக்கே என்பதால் உங்கள் பெயரில்தான் வாங்க வேண்டும்.

படிப்பு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் சேர வெளிநாட்டு மாணவர்கள் எழுதும் ஏஇஐஎஸ் தேர்வில் ஆங்கிலமும் கணக்கும் உண்டு. கணக்கை நம் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள், தடுமாறுவது ஆங்கிலத்தில்தான். என் மகளின் முதல் கட்டுரைத் தாள் முழுக்கச் சிவப்புக் கோடுகள். “தமிழில் யோசித்து எழுதியிருக்கிறாய்” என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். அன்றிலிருந்து தினமும் இரவு அரைமணி நேரம் நூலகக் கதைப் புத்தகம். ஒரு வருடத்தில் தேறினாள். இன்னொன்று, தேர்வில் தேறினாலும் இடம் காலியாக இருந்தால்தான் பள்ளி கிடைக்கும். அதனால் மாற்றுவழி ஒன்றை யோசித்து வையுங்கள்.

இப்போது உயர்நிலையில் ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்று எளிதிலிருந்து கடினம் வரையான நிலைகளில் படிக்கிறார்கள். 2027 முதல் உயர்நிலை முடிவில் எழுதும் ‘ஓ’ நிலை (O-Level), ‘என்’ நிலை (N-Level) தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சான்றிதழ்த் தேர்வு வருகிறது. எந்தப் பாடம் எந்த நிலையில் என்பது பின்னால் எங்கே சேரலாம் என்பதைத் தீர்மானிக்கும், ஆகவே ஆசிரியர் சந்திப்பில் முதலில் அதைக் கேளுங்கள்.

உங்கள் சம்பளச் சீட்டில் சிண்டா என்று சில வெள்ளி பிடித்திருப்பார்கள். இந்தியச் சமூகத்துக்காக 1991-இல் தொடங்கிய அமைப்பு அது. துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறார்கள், உங்கள் பிள்ளைக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள்.

ஜனவரியில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் பொது வரவேற்பு நாட்களுக்குப் பிள்ளையை உயர்நிலை 2-லேயே கூட்டிப்போங்கள். நின்று விளக்கும் மாணவர்களிடம், மாதச் செலவு எவ்வளவு ஆகிறது என்று பிள்ளையையே கேட்கவிடுங்கள்.