பாஸ்புக்கில் நான்கு வரி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி, பிஎஃப், சம்பளத்தில் பிடிக்கும் வரி என்று ஊரார் கணக்கெல்லாம் எனக்கு அத்துபடி. கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவின் பாஸ்புக்கை மட்டும், அப்பா போன பிறகு ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. 2025 ஜூனில் மூக்குக்கண்ணாடியைத் தேடப்போய் அது கையில் அகப்பட்டது. வட்டி வரவு 22,500. அதன் கீழேயே டிடிஎஸ் பற்று 2,250. மூன்று மாதத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு நான்கு வரி.

“அது பேங்க் எடுத்துக்கொள்ளும் கூலி” என்றாள் அம்மா.

கூலி அல்ல, வருமான வரி; வட்டி தரும்போதே வங்கி பிடித்து அரசிடம் கட்டுவதுதான் டிடிஎஸ். அதுவும் அவள் கட்டவே வேண்டாத வரி. அவளுக்கு 68 வயது. குடும்ப ஓய்வூதியம் மாதம் 14,000. 12 லட்சம் வைப்புத்தொகைக்கு 7.5 சதவீதத்தில் ஆண்டு வட்டி 90,000. இரண்டும் சேர்ந்தே 2,58,000தான். 2024-25இல் 3 லட்சம் வரை வரி கிடையாது. ஆனால், மூத்த குடிமகன் ஒருவருக்கு ஒரு வங்கி தரும் வட்டி 50,000ஐத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அம்மாவின் மொத்த வருமானம் வங்கிக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. 9,000 ரூபாய் போயிருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் ரசீதுகளை எல்லாம் ஓரிடத்தில் கொட்டுங்கள். எங்கள் வீட்டில் பீரோவில் இரண்டும் பட்டுப்புடவைப் பெட்டியில் ஒன்றும் பழைய டைரிக்குள் ஒன்றுமாகக் கிடைத்தன. அவற்றில் மூன்று எப்போதோ முடித்துவிட்டவை. உயிரோடு இருந்த ஒன்றில் நாமினி, உயிரோடு இல்லாத அப்பா. வங்கி, தொகை, வட்டி விகிதம், முதிர்வு நாள், நாமினி, முதல் பெயர் யாருடையது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டு வைப்பாக இருந்தாலும் பொதுவாக முதல் பெயருக்கு உரியவரின் பான் எண்ணில்தான் வரி பிடிப்பார்கள். முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் வைப்பிலும் ஆண்டுதோறும் பிடித்தம் உண்டு. காசு கையில் வராததால் அது கண்ணில் படுவதில்லை.

அடுத்து, வருமான வரித் துறையின் இணையதளத்தில் 26ஏஎஸ் அறிக்கையைப் பாருங்கள். பிடித்த வரி அம்மா பெயரில் அரசிடம் சேர்ந்ததா என்பது அதில் தெரியும். நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். ஓடிபி போனது அப்பாவின் பழைய கைபேசி எண்ணுக்கு. ஆதாரிலும் அதே எண். ஆதார் மையத்தில் அம்மாவின் விரல்ரேகையை வைத்து மாற்றுவதற்குள் ஒரு காலைப்பொழுது போயிற்று. உங்கள் அம்மாவுக்கும் அப்பா எண்தான் என்றால், இருவரும் திடமாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

பிடித்ததைத் திரும்பப் பெற ஒரே வழி, வரி இல்லாவிட்டாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது. ஐடிஆர்-1 என்ற படிவம் போதும். குடும்ப ஓய்வூதியத்தைச் சம்பளத்தில் போடாதீர்கள்; அது இதர வருமானம். பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கை முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகவும் பாஸ்புக்கில் வெறும் இனிஷியலாகவும் இருந்ததால் முதல் முறை நிராகரிப்பு. தாக்கல் செய்தபின் 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். 2024-25க்கு முந்தைய ஆண்டில் பிடித்த பணத்துக்குக் கெடு தாண்டிவிட்டது. கெடு தாண்டியபின் போடும் ஐடிஆர்-யு படிவம் கூடுதல் வரி கட்டத்தான், திரும்பப் பெற அல்ல. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி துறைக்கு மனு போட்டிருக்கிறேன்.

இனி பிடிக்காமலிருக்க? 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு வரம்பு ஒரு லட்சம் ஆனதால் அம்மா தப்பித்தாள். அத்தைக்கு ஒரே வங்கியில் 20 லட்சம், வட்டி 1,40,000. அவருக்கு, ‘எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்’ என்று உறுதி சொல்லும் 15ஹெச் படிவம் கொடுத்தோம். அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அப்போது அது 15ஜி. எதிர்பார்க்கும் வருமானம் எவ்வளவு என்று கேட்ட கட்டத்தில் அத்தை அசலான 20 லட்சத்தை எழுதி வைத்திருந்தார்! வட்டியை மட்டும் எழுத வேண்டும். ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, ஆண்டுதோறும் ஏப்ரலில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆண்டு மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால் மட்டும் கொடுங்கள். நிலமோ பங்கோ விற்ற ஆண்டில் அவசரப்பட வேண்டாம். பொய் உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் என்பதால் படிவ எண்கள் மாறிவிட்டன. “வட்டியில் வரி பிடிக்காமலிருக்கத் தரும் படிவம்” என்றே கேளுங்கள்.

வரம்பைத் தாண்டாமலிருக்க வைப்பைப் பல வங்கிகளில் பிரிக்கலாமா என்று அத்தை கேட்டார். படிவம் கொடுத்தபின் வரிக்காகப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு. அதற்காகப் பிரிக்கலாம், முதிர்ந்த பிறகு.

அம்மாவின் 9,000 ஆகஸ்டில் வந்தது, மாதத்துக்கு அரை சதவீத வட்டியோடு.

“அந்த வட்டிக்கும் வரி உண்டா?” என்றாள்.

அதுவும் வருமானம்தான். நோட்டில் 2025-26 என்று தலைப்பிட்டு முதல் வரியில் எழுதிவைத்தேன்.