மைக்கைத் திட்டுவதற்கு முன்னால் பின்னைப் பாருங்கள்

புதுக் காலர் மைக்கை லேப்டாப்பில் சொருகி, நாற்பது நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல ஒரு குரல், அதற்குச் சமமாக ஃபேன் சத்தம். போலி மைக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பினேன். பாவம், அந்த மைக் வேலையே செய்திருக்கவில்லை. பதிவானது முழுக்க லேப்டாப்புக்குள் இருக்கும் மைக்கில்!

இதைக் கண்டுபிடிக்கப் பத்து விநாடி போதும். பதிவை ஓடவிட்டு, மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு லேப்டாப் திரையின் விளிம்பைச் சுரண்டுங்கள். எது பலமாகக் கேட்கிறதோ அதுதான் உங்கள் குரலை வாங்குகிறது.

காரணம் பெரும்பாலும் பின்னில், அதாவது மைக் ஒயரின் நுனியில் நாம் சொருகும் உலோக முனையில் இருக்கும். அதிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். கேமராவுக்கான மைக்கில் இரண்டு இருக்கும், செல்போனுக்கானதில் மூன்று. இன்றைய லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே துளைதான். அது மூன்று வளையப் பின்னை எதிர்பார்க்கிறது. இரண்டு வளையப் பின்னைச் சொருகினால் மைக்குக்கான தொடுமுனை எர்த்தோடு சேர்ந்துவிடும். லேப்டாப்பும் ஏதோ ஹெட்போன் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். இதற்கு மலிவான அடாப்டர் கிடைக்கிறது. டெஸ்க்டாப்பில் கதை தலைகீழ்: பிங்க் நிறத் துளைக்கு இரண்டு வளையம்தான் சரி. பக்கத்திலேயே இருக்கும் பச்சை, ஸ்பீக்கருக்கு.

பின் சரியாக இருந்தும் குரல் வரவில்லையா? விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் போய், இன்புட்டில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஜூம், ஓபிஎஸ் (வீடியோ பதிவு மென்பொருள்) போன்றவற்றில் தனியாகவும் தேர்வு செய்யவேண்டியிருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்த பிறகு மைக்கைச் சொருகினால் அது பட்டியலில் வராமல் போகலாம். முதலில் சொருகிவிட்டுத் திறப்பது நல்லது.

ஸ்டுடியோ மைக் ஆசையில் எக்ஸ்எல்ஆர் (மூன்று முனையுள்ள பெரிய பின்) கண்டென்சர் மைக் வாங்கி, ஒரு ஒயரை வைத்து நேரே லேப்டாப்பில் மாட்டுபவர்கள் உண்டு. அந்த வகைக்குப் பொதுவாக 48 வோல்ட் வேண்டும். ஹெட்போன் துளை அதைத் தராது. அதைத் தந்து மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி வாங்கப் பணமில்லை என்றால் யுஎஸ்பி மைக்கே போதும் என்பது என் கட்சி. பின் குழப்பமே கிடையாது.

அடுத்தது எல்லோரும் செய்வது. குரல் மெலிதாக இருக்கிறதென்று செட்டிங்ஸில் ஒலியைப் பெருக்கும் மைக் பூஸ்ட்டை 20, 30 டெசிபல் ஏற்றுவது. குரலோடு சேர்ந்து இரைச்சலும் அதே அளவு ஏறும். மைக்கைப் பாதி தூரத்துக்குக் கொண்டுவந்தாலே குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடிவிடும். ஃபேன் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், சற்றே பக்கவாட்டில். அளவு பார்க்கும்போது ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று பூனைக்குரலில் சொல்லாமல், நீங்கள் உரக்கப் பேசும் வரியைப் பேசுங்கள். பதிவு மென்பொருளில் ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6க்கும் இடையில் ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் கிழியும். அதைப் பிறகு ஒழுங்காகத் தைக்க முடியாது.

மேசையில் நிற்கும் யுஎஸ்பி மைக்கில் பலவற்றுக்கு முகம் பக்கவாட்டில்தான். அதன் உச்சியில் ஐஸ்கிரீம் சாப்பிடுவதுபோல் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசில்லை. மேலே ஃபேன் சுற்றினால், நுனியில் பேசும் வகை மைக்கை வானம் பார்த்தபடி நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டில் உயர்த்தி, வாயை நோக்கிக் கீழே சாய்த்து வையுங்கள். அப்போது மைக்கின் முதுகுதான் ஃபேனைப் பார்க்கும். முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்ட் வகை மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம்.