பிள்ளைகளுக்கான பல் முகாம்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டியவை

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல் முகாம் நடத்தப் புதிதாக வருபவர்கள், நாங்கள் அன்று சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். கையுறை மாற்றுவது, கருவிகளைச் சுத்தம் செய்வது எல்லாம் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்து, 'சொத்தை உள்ளது, மருத்துவமனைக்குச் செல்லவும்' என்று எழுதி நீட்டுவார்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்ற கணக்கு மாலைக்குள் தயார். எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்று கேளுங்கள், பதில் வராது. ஒரு பள்ளிக்கு மறுவருடம் போனபோது, ஒரு சிறுமி முந்தைய முகாமின் சீட்டையே எடுத்து நீட்டினாள். அன்றே அடைத்திருந்தால் தப்பியிருக்கும் பால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பத்து வயதுக்கு மேல் தானாக விழ வேண்டிய பல் அது. முன்பே போனால், பின்னால் இருக்கும் நிரந்தரப் பல் நகர்ந்து வந்து அங்கே அடுத்து முளைக்க வேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிளினிக் திறந்திருக்கும் நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம். மூன்று முறை வரச் சொன்னால் மூன்று நாள் கூலி போச்சு. சிகிச்சை இலவசம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

முடிந்ததை அங்கேயே முடியுங்கள். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சில நிமிடங்கள் போதும். சில்வர் டயமின் ஃபுளோரைடு, துளையிடாமலே பெரும்பாலான சொத்தைகளை நிறுத்திவிடும். கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைக்க மின்சாரம்கூட வேண்டாம். இந்தப் பின்னிரண்டும் 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. மீதிப் பேருக்கு மட்டும் சீட்டு. அதிலும் தேதியும் நேரமும் உறுதியாகியிருக்க வேண்டும். வராதவர்களைத் தொலைபேசியில் அழைக்க ஓர் ஆள் வேண்டும். அண்ணன் தங்கை என்றால் இருவருக்கும் ஒரே நாள் கொடுங்கள்.

கறுக்கும் என்று சொல்லாமல் பூசுவது

சில்வர் மருந்து பட்ட சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும். பூசும் முன் படம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். முன்பல்லாக இருந்தால் இரண்டு முறை கேளுங்கள்.

ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லைத் தவறவிடுவது

இது நிரந்தரப் பல். எந்தப் பால் பல்லும் விழாமல் பின்னால் முளைப்பதால், வீட்டில் இதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். முளைத்ததும் சீலன்ட் (பல்லின் மேல் உள்ள பள்ளங்களை மூடும் பூச்சு) வையுங்கள்.

மிட்டாய்ப் பிரசங்கம்

வேண்டாம். அந்த நேரத்தில் 1000 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) குறையாத ஃபுளோரைடு பற்பசையைக் கையில் கொடுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அப்புறம் ஆறு வயது வரை பட்டாணி அளவு.