கீபோர்டில் எழுத்து விட்டுப்போகிறதா?

வயர்லெஸ் மெக்கானிக்கல் கீபோர்டில் ‘வணக்கம்’ என்று அடித்தால் ‘வணகம்’ என்று விழுகிறதா? விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சைக் கழற்றும் முன் டாங்கிளை (கீபோர்டின் சிக்னலை வாங்கும் குட்டி யுஎஸ்பி ரிசீவர்) எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பக்கத்துப் போர்ட்டில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஓடினால் அதுதான் வில்லன். அதில் டேட்டா போகும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜைமேல் கீபோர்டு அருகே கொண்டுவந்துவிடுங்கள். ஃபைல் காப்பி ஆகும்போது வைஃபையும் படுத்துகிறதா? அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.